தட்டிப் பார்த்து வாங்குகிறவன்

1925 செப்டம்பர் 14, திங்கள்

இன்று காலையும் முட்டியில் இடித்துக்கொண்டேன். வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் வரவேற்பது அதுதான், அவருடைய சைக்கிள் சட்டம். சக்கரம் இல்லை, சீட்டு இல்லை, கைப்பிடி இல்லை, மிதி இல்லை, விளக்கு இல்லை. கசாப்புக்கடை எலும்பு மாதிரி சுவரில் சாய்ந்து நிற்கிறது. அவர் இருந்தபோதும் அது நடுவீட்டில்தான் நின்றது. மழையில் நனையக் கூடாதாம். நான் மழையில் நனைந்துகொண்டு தண்ணீர் தூக்கிவந்ததை என் வீட்டுக்காரர் அந்தோணிமுத்து ஒரு நாளும் கவனித்ததில்லை.

ஜூன் மாதம் போய்ச் சேர்ந்தார். சுற்றுவட்டார ரப்பர்த் தோட்டங்களுக்கெல்லாம் காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை கொடுத்த டிரஸர், ஆஸ்பத்திரி மருந்துக்காரர், அதே காய்ச்சலில் போனார். சிம்பாங் பூலாயிலிருந்து ஆயர் தாவார் வரை, லூமுட் வரை சைக்கிளில் சுற்றி, ஊரான் நாக்கையெல்லாம் நீட்டச் சொல்லிப் பார்த்தவருக்குத் தன் நாக்கைக் கண்ணாடியில் பார்க்க நேரம் கிடைக்கவில்லை. இதற்காகத்தான் வெள்ளைக்காரச் சர்வேயர் ஒருவன் ஊர் திரும்பும்போது விற்ற சைக்கிளை, என் காதுத் தோட்டைக் கழற்றி விற்று வாங்கினார். தோடு இருந்த இடத்தில் நான் இப்போது வேப்பங்குச்சி செருகியிருக்கிறேன்.

தைமாதம் புது டிரஸர் வருகிறாராம். வருஷக் கடைசிக்குள் இந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று தோட்டத்துத் துரை சொல்லிவிட்டார். ஈப்போ கன்னியர் மடத்துத் தாயார் நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறார்: சொந்தமாகத் தையல் மெஷின் இருந்தால் வா, பின்கட்டில் ஓர் அறை தருகிறோம், பிள்ளைகளின் உடுப்பெல்லாம் நீயே தைக்கலாம் என்று. மெஷின் இல்லாவிட்டால் என் கொழுந்தன் சவரிநாதன் வீட்டு அடுப்படி.

ஆகவே இந்த எலும்பு ஒரு மெஷினாக மாறியாக வேண்டும்.

செப்டம்பர் 20, ஞாயிறு

பூசை முடிந்து வந்தால் சவரிநாதன் வாசலில் உட்கார்ந்திருக்கிறான். ஈப்போவில் ஓர் ஆபீசில் தபால் பை தூக்குகிறான், தோட்டத்துக்கு வந்தால் கிளார்க் ஆகிவிடுகிறான். சட்டைப்பையில் பேனா. பேனாவில் மை இருந்து நான் பார்த்ததில்லை.

அடக்கம் முடிந்த வாரமே வந்து, “அண்ணன் ஞாபகமா இருக்கட்டும் அண்ணி” என்று இரண்டு சக்கரத்தையும் கழற்றிக்கொண்டு போனவன் இவன். மறுவாரம் சீட்டும் கைப்பிடியும் மிதியும் விளக்கும் ஞாபகத்துக்கு வந்தன. இன்றைக்குச் சட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான், நாக்கைச் சப்புக் கொட்டினான்.

“இது பழைய இரும்பு அண்ணி. பழைய இரும்புக்காரன்கூட வேணாம்பான். ஒங்களுக்கு எதுக்குத் தொந்தரவு? நா கொண்டுபோயி நம்ம வீட்டுல போட்டு வைக்கிறேன்.”

“இங்கேயே கிடக்கட்டும். முட்டி இடித்துக்கொள்ள எனக்கு ஒரு சாமான் வேண்டுமே” என்றேன்.

“எப்படியும் வருசக் கடைசில நீங்க நம்ம வீட்டுக்குத்தான வாரீங்க. பியாட்ரிஸுக்கும் ஒடம்பு முடியல. சமையலுக்கு ஆளு இல்லாம ரொம்பச் செரமம்.”

பாவம், பாசத்தை முன்னால் வைத்துச் சமையலைப் பின்னால் சொல்லியிருக்கலாம். அவன் பெண்டாட்டி பியாட்ரிஸுக்கு உடம்பு முடியாமல் போவது என்றைக்கு என்று எனக்குத் தெரியும். பாத்திரம் சேர்ந்த அன்றைக்கு.

சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். கருவாடு மூன்று துண்டு.

செப்டம்பர் 26, சனி

சட்டத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு ஈப்போ போனேன். சிம்பாங் பூலாய் வரை மாட்டுவண்டி, அப்புறம் மோட்டார் பஸ். பஸ்ஸில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை.

சைக்கிள் கடைத் தவுக்கே, சீன முதலாளி, பனியனோடு உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு முக்காலி எடுத்துப் போடவில்லை. சட்டத்தை வாங்கித் துணியால் துடைத்தார், தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார், பிறகு விரல் நகத்தால் சுண்டினார். டிங். தலையைச் சாய்த்துக் கேட்டார். அடுத்த குழாயில் சுண்டினார். டிங்.

எனக்கு வந்த ஆத்திரம்! அந்தோணிமுத்து நித்தம் சாயங்காலம் செய்த அதே பைத்தியக்காரத்தனம். சைக்கிளைத் துடைத்து முடித்து, ஒரு சுண்டு சுண்டிவிட்டு, “கேட்டியா கெர்ட்ரூட்?” என்பார். “கேட்டேன். அரிசிப்பானையைத் தட்டினாலும் இப்படித்தான் கேட்கிறது, உள்ளே ஒன்றும் இல்லாததால்” என்பேன். சிரித்துக்கொள்வார். சிரிக்கத்தான் தெரியும்.

தவுக்கே கடைசியில் வாயைத் திறந்தார். “பாகுஸ். பாகுஸ்லா.” நல்லதாம். நல்லது என்று சொல்லிவிட்டு, முக்கால் மெஷின்தான் வாங்க முடிகிற ஒரு விலை சொன்னார். கூட்டித் தரச் சொன்னேன். ஈயை ஓட்டுவதுபோல் கையை வீசிவிட்டு, உள்ளே போய்க் கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்துவிட்டார். கிண்ணம் முடியும்வரை நான் நின்றுகொண்டிருக்க வேண்டுமாம். நான் என்ன மீன் விற்க வந்தவளா? எலும்பைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

செப்டம்பர் 27

தோள் வீங்கியிருக்கிறது. முக்கால் மெஷினை வைத்துக்கொண்டு முக்கால் ரவிக்கை தைக்கவா? போகட்டும்.

அக்டோபர் 4, ஞாயிறு

உடையப்பன் கங்காணி வந்தான். அவன் கொண்டுவந்த ஆட்கள் காலைப் பிரட்டுக்கு, பேர் கூப்பிடுகிற வரிசைக்கு, வந்து நின்றால் தலைக்கு இவ்வளவு என்று அவனுக்குக் காசு. இவன் மரம் வெட்டுவதில்லை, பால் எடுப்பதில்லை. தலைகளை எண்ணுவதுதான் தொழில். ரப்பர் விலை ஏறியதிலிருந்து அவனைப் பிடிக்க முடியவில்லை. இரண்டு மோதிரம், வெயிலில்லாத நேரத்திலும் குடை, செருப்பில்லாத காலில் காலுறை. வாசலுக்கு வருமுன் கள்ளு வாடை வந்தது.

அவனுடைய சைக்கிள் சட்டம் போன மாதம் மரவேரில் ஏறி நடுவே ஒடிந்துபோனதாம். சக்கரமும் மற்றதும் நன்றாக இருக்கின்றனவாம். அந்த உடம்பைத் தாங்கி அதுவரை ஓடியதே பெரிது. தீபாவளிக்குப் புதுச் சட்டத்தில் சக்கரத்தை மாட்டிக் கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு போகவேண்டும் என்று ஆசை.

ஒரு கையால் தூக்கிப் பார்த்தான். முகம் சுருங்கியது. மறுபடி தூக்கினான்.

“என்ன டிரஸரம்மா, கனத்தையே காணோம்? தகரமா?”

“இங்கிலீஷ் இரும்பு” என்றேன்.

“இங்கிலீசுன்னா கனமால்ல இருக்கணும்? தொர வூட்டு அலமாரிய நகத்த நாலு ஆளு வேணும். எம் பொண்ணுக்குக் குத்துவௌக்கு வாங்குனேன், அண்டா வாங்குனேன், எல்லாம் கையில தூக்கிப் பாத்துத்தான் வாங்குனேன். ஒண்ணு ஏமாந்தது கெடையாது. கனம் இல்லாத சாமான் நம்மகிட்ட நிக்காதும்மா.”

கால் மெஷின் விலைதான் தருகிறேன் என்றான். வாசல்வரை போனவன் திரும்பினான். “கனமா ஒண்ணு இருந்தாச் சொல்லுங்க. ரெட்டிப்புக்கு ரெட்டிப்பு தாரேன்லா.”

ரெட்டிப்புக்கு ரெட்டிப்பு. அதாவது முழு மெஷின்.

தவுக்கேக்குச் சத்தம் வேண்டும், இவனுக்குக் கனம் வேண்டும். சைக்கிள் வாங்குகிறவன் ஒருத்தனுக்காவது சைக்கிள் வேண்டாமா?

அக்டோபர் 5, திங்கள்

விடிந்ததிலிருந்து ஒரே யோசனை. கனம்தானே? கனம் கொடுத்தால் போயிற்று. குழாய் எல்லாம் உள்ளே வெறும் பொந்து. மணலைப் போட்டு நிரப்பினால் யாருக்குத் தெரியப் போகிறது?

பக்கத்துக் கூலி லயத்துச் செல்லாயி தலைவலி மருந்து கேட்டு வந்தாள். டிரஸர் செத்து நாலு மாதம் ஆகிறது, இன்னும் மருந்துக்கு என்னிடம் வருகிறாள். அவளிடம் சொன்னேன். பால் வெட்டுகிறவள், விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு ஒரு விஷயம் சொன்னாள்.

“வெறும் மணலுன்னா ஆட்டும்போது சலசலங்கும் டிரஸரம்மா. மணல்ல பால ஊத்தி ரெண்டு சொட்டு ஆசிட்டு வுடுங்க. கல்லாட்டம் கட்டிக்கும். ஒரு பொட்டுச் சத்தம் வராது.”

ரப்பர்ப் பாலைத்தான் சொல்கிறாள். பால் ஸ்டோரில் அப்படித்தானே உறைய வைக்கிறார்கள். இத்தனை வருஷம் இந்தத் தோட்டத்தில் இருந்து எனக்குத் தோன்றவில்லை.

அக்டோபர் 7, புதன்

முடிந்தது. ஈயம் தோண்டிய குட்டைக் கரையிலிருந்து மணல் அள்ளி வந்து சலித்துக் காய வைத்திருந்தேன். அந்த மணலே கையில் கனக்கிறது. செல்லாயி வாளியின் அடியில் கொஞ்சம் பால் மிச்சம் வைத்து முந்தானைக்குள் கொண்டுவந்தாள், சீசாவில் ஆசிட்டும். சட்டத்தைத் தலைகீழாக நிறுத்தினோம். சீட்டு செருகுகிற வாயில் ஒரு மரக்கட்டையை அடைத்து, மிதி அச்சு போகிற ஓட்டை வழியாக இரண்டு குழாய்க்குள்ளும் மணலைப் போட்டு, பாலை ஊற்றி, ஆசிட் விட்டோம். சீட்டு செருகக் கட்டைவிரல் நீளம் இடம் விட்டிருக்கிறேன். எதையும் அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை.

செல்லாயி கை கழுவும்போது சொன்னாள், “ஆசிட்டு பட்ட வாளி நிக்காது டிரஸரம்மா. உள்ளுக்குள்ளயே தின்னுப்புடும். இதுவும் எத்தினி மாசம் நிக்குமோ.”

நின்றால் என்ன, விழுந்தால் என்ன? கங்காணிக்குக் கனம் வேண்டும் என்றானே, கிடைத்துவிட்டது. மெஷின் வந்த பிறகு அவன் எந்த மரவேரில் விழுந்தால் எனக்கென்ன?

அக்டோபர் 9

கட்டிக்கொண்டது. தூக்கிப் பார்த்தேன். துரை வீட்டு அலமாரிதான். ஒரு தடவை நகத்தால் சுண்டியும் பார்த்தேன். தொப். சோற்று மூட்டையைத் தட்டினதுபோல். நாலு வருஷம் காதைத் துளைத்த டிங் ஒழிந்தது, நிம்மதி.

அக்டோபர் 11, ஞாயிறு

இன்றைக்கு வந்தவன் பெயர் ஜெயபாலன். ஈப்போ சர்வே ஆபீசில் படம் வரைகிறவன். அரை வருஷம் சிங்கப்பூரில் வேலையாம், போன வாரம்தான் திரும்பி, அந்தோணிமுத்து இறந்ததைக் கேள்விப்பட்டிருக்கிறான். ஈப்போவிலிருந்து சைக்கிளிலேயே வந்தான். முட்டிவரை காலுறை, தலையில் தொப்பி, தொப்பிக்குள் எண்ணெய். இன்னொரு சைக்கிள் பைத்தியம் என்று பார்த்தவுடன் தெரிந்தது.

துக்கம் விசாரித்தான். அது முறையாகவே விசாரித்தான், குறை சொல்ல மாட்டேன். இவரோடு லூமுட் வரை மூன்று தடவை ஓட்டியிருக்கிறானாம். பிறகு தயங்கித் தயங்கி, “அக்கா, அண்ணனோட பிரேமு இருக்குங்களா? விக்கிறதா இருந்தா எனக்குக் குடுப்பீங்களா?” என்றான்.

விலை கேட்டேன். அவன் சொன்னது இரண்டு மெஷின் வாங்கும். இரண்டு! எனக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும்போல் இருந்தது.

“அண்ணனே எங்கிட்ட ரெண்டு தடவ விக்க மாட்டேன்னுட்டாருக்கா. இந்த ஊருல இது மாதிரி இன்னொண்ணு கெடையாது. குழா நடுவுல மெலிசு, முனையில தடிப்பு. அதான் அம்புட்டு லேசு” என்று சொல்லிக்கொண்டே தூக்கினான். என்னைப் பார்த்தான். சட்டத்தைத் தரையில் வைத்துவிட்டு நகத்தால் சுண்டினான்.

தொப்.

அடுத்த குழாய். தொப்.

குனிந்து காதை வைத்துச் சுண்டினான்.

“இது அண்ணன் வச்சிருந்த பிரேமு இல்லக்கா” என்றான் மெதுவாக. “அது மணியாட்டம் கேக்கும். இதே கலரு, இதே அளவுல வேற எதையோ வச்சிட்டு யாரோ மாத்தியிருக்காங்க. அவரு போனப்புறம் சைக்கிளக் கழட்டுனது யாருக்கா?”

“கொழுந்தன்” என்றேன். அது பொய் இல்லை. சக்கரத்தைக் கழற்றியது அவன்தானே. ஜெயபாலன் தலையை ஆட்டிக்கொண்டான். சவரிநாதன் மேல் பழி விழுந்தது. விழட்டும், அவனுக்கு அது சக்கரத்துக்கான வட்டி.

அத்தோடு போயிருக்கலாம். போகவில்லை, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

“அண்ணன் லூமுட் கடக்கரையில ஒக்காந்து சொன்னாருக்கா. ‘சக்கரந்தான் தம்பி என்னுது. சட்டம் அவ தோட்டுல வாங்குனது, அவளுது. எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அவ வித்துக்குவா, ஒரு மிசினு வாங்கிப் பொழச்சுக்குவா. தூக்கிப் பாக்குறவனுக்குக் குடுக்கக் கூடாது, தட்டிப் பாத்து வாங்குறவனுக்குத்தான் குடுக்கணும். அதான் தெனமும் அவளுக்குத் தட்டிக் காட்டுறேன். அவளுக்கு நல்லாத் தெரியும்’னாரு.”

அவளுக்கு நல்லாத் தெரியுமாம்.

என்ன தெரியும்? எனக்கு என்ன தெரியும்? வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன கேடு ஒங்களுக்கு? ஊருல இருக்கிற அத்தன பேருக்கும் இந்த மாத்திரைய இத்தன வேளை சாப்பிடுன்னு புரியிற மாதிரி சொல்லத் தெரிஞ்ச மனுசன் – பெண்டாட்டிகிட்ட மட்டும் டிங்னு தட்டுனா போதுமா? கேட்டியா கேட்டியான்னா நான் என்னத்தக் கேக்குறது? அரிசிப்பானைன்னு சொன்னப்பவாவது, இல்லடி, இது இப்படின்னு சொல்லியிருக்கலாம்ல? சிரிச்சீங்களே. நீங்க பாட்டுக்குச் சிரிச்சீங்களே.

தவுக்கேயும் தட்டினார். முக்காலி போடவில்லை என்று நான்தான் இறங்கி வந்தேன்.

அக்டோபர் 12, திங்கள்

செல்லாயியைக் கூப்பிட்டு எடுக்கப் பார்த்தேன். நீளக் கம்பியைக் காய்ச்சி உள்ளே விட்டோம். ரப்பர் பொசுங்கி ஒரு நாற்றம் வந்தது, பக்கத்து லயத்து நாய் குரைத்தது. மண்ணெண்ணெய் ஊற்றினால் கரையும் என்றாள். கரையவில்லை, ஊதிப்போய் இன்னும் இறுக்கமாக உட்கார்ந்துகொண்டது. கொக்கி போட்டு இழுத்ததில் ஒரு பிடி மணல் வந்தது, கொக்கியின் முனை உள்ளேயே ஒடிந்து நின்றுவிட்டது. என் கட்டைவிரலில் சூடு.

“கெட்டியாத்தான் செஞ்சிருக்கோம் டிரஸரம்மா” என்றாள் செல்லாயி. பெருமையாகச் சொன்னாளா, வருத்தமாகச் சொன்னாளா தெரியவில்லை. அவளைத் திட்டிவிட்டேன். அவள் என்ன செய்வாள்? கேட்டதைக் கொண்டுவந்தாள்.

சாயங்காலம் குழாய் முழுக்க அங்குலம் அங்குலமாகச் சுண்டிப் பார்த்தேன். பின்பக்கத்து மெல்லிய குழாய்களில் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. டிங் இல்லை, அதன் ஓரம் மாதிரி ஏதோ ஒன்று.

அக்டோபர் 14, புதன்

கங்காணி வந்தான். இது வேறு சட்டம், துரை கொடுத்தது, பெட்டிக்குள் இருந்தது என்று நாலு நாளாய் ஒரு பொய்யைத் தயார் செய்து வைத்திருந்தேன். அதற்கு வேலையே வைக்கவில்லை அவன். தூக்கினான், முகம் மலர்ந்தது.

“அடி ஆத்தீ! இதுல்ல கனம்! அன்னிக்குக் கொஞ்சம் கள்ளு போட்டிருந்தேன் டிரஸரம்மா, மேலுக்குப் பலம் ஏறி ஒண்ணுந் தெரியல. ஒங்க சாமானத் தப்பாப் பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க.”

என்னிடம் மன்னிப்புக் கேட்கிறான். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேண்டாம் என்று சொல்ல ஒரு விநாடி வாய் வந்தது. சவரிநாதன் வீட்டு அடுப்படி கண்முன் வந்தது, வாயை மூடிக்கொண்டேன். சொன்னபடியே கொடுத்தான். இந்தத் தோட்டத்தில் சொன்ன சொல் தவறாதவன் இந்தக் குடிகாரனாகவா இருக்க வேண்டும்?

தோளில் போட்டுக்கொண்டு போனான். அறையில் அது நின்ற இடத்தில் சுவர் வெளுத்திருக்கிறது. சும்மா நடந்துபோனபோது முட்டியை ஒதுக்கி நடந்தேன்.

அக்டோபர் 15

சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாமா என்று நினைத்தேன். அவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. குழாயில் மணல் போட்டதை முதலிலிருந்து விளக்க வேண்டும். வேண்டாம்.

நவம்பர் 8, ஞாயிறு

தோட்டமே கங்காணியின் சைக்கிளைப் பற்றித்தான் பேசுகிறது. சிவப்புச் சாயம் அடித்திருக்கிறான். மிதிக்குப் பக்கத்திலிருந்து பழுப்பாய் ஒரு தண்ணீர் சொட்டுகிறது, புளித்த பால் நாற்றம். தோட்டத்தில் எல்லாமே அந்த நாற்றம்தான், ஆகையால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பால் ஸ்டோர் வாசலில் ஏழெட்டுப் பேரை நிறுத்திவைத்து அவன் விளக்கம் சொன்னதைச் செல்லாயி கேட்டுவந்தாள்.

“வெள்ளக்காரன் ஊரு இரும்புடா. நம்ம ஊரு வெயிலுக்கு வேர்க்குது.”

எல்லோரும் ஆமாம் என்றார்களாம். ஒருத்தன் தொட்டு மோந்துவிட்டு, துரைமாரின் வேர்வையும் இப்படித்தான் என்றானாம். கடவுளே, இவர்களை நான் ஏமாற்றவே தேவையில்லை. பக்கத்தில் நின்றால் போதும்.

டிசம்பர் 5, சனி

ஈப்போவில் மெஷின் வாங்கிவிட்டேன். பழையது, ஆனால் நல்லது. கடைக்காரன் மேலே பூசின பொன்பூவைக் காட்டிக் காட்டிப் பேசினான். நான் அதைப் பார்க்கவில்லை. சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்டேன். மெஷினின் கழுத்தில் நகத்தால் சுண்டினேன். இரண்டாவதாகக் காட்டியது மட்டும்தான் விரிசல் இல்லாமல் கணீரென்று கேட்டது. அதையே வாங்கினேன். “என்னம்மா, தேங்காயா வாங்குறீங்க?” என்றான் கடைக்காரன். சைக்கிள் கடைத் தவுக்கே வழியில் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். நானும் அசைத்தேன்.

டிசம்பர் 30

சாமான் ஏற்றியாயிற்று. செல்லாயி அழுதாள். சவரிநாதன் வண்டி பிடித்துக் கொடுக்கிற சாக்கில் வந்தான். முகம் தொங்கிப்போயிருக்கிறது. யாரோ சர்வே ஆபீஸ்காரன் அவனை நடுவீதியில் நிறுத்தி, அண்ணன் சைக்கிளை மாற்றிய திருடன் என்று நாலு பேர் முன் கேட்டுவிட்டானாம். “நா ஒண்ணும் செய்யல அண்ணி, சத்தியமா” என்றான். செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். சக்கரத்தைத் திருப்பிக் கொண்டுவந்திருந்தான். அதை நான் என்ன செய்ய? வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன்.

1926 ஜனவரி 23, சனி

மடத்துப் பின்கட்டில் எனக்கு ஒரு ஜன்னல், ஒரு மெஷின், குவிந்து கிடக்கிற தையல். குறை ஒன்றுமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

மத்தியானம் உடையப்பன் கங்காணி வந்தான். தைப்பூசத்துக்கு மகளுக்குப் பாவாடை தைக்கத் துணியும், எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழமும். டிரஸரம்மா கொடுத்த சைக்கிளால் தோட்டத்தில் தனக்கு மரியாதை கூடியிருக்கிறதாம், வேறு யாரிடமும் தைக்கக் கொடுக்க மனசு வரவில்லையாம். சைக்கிள் வாசலில் நின்றது. மிதிக்கு மேலே சிவப்புச் சாயம் கொப்புளம் கொப்புளமாய் எழும்பியிருக்கிறது. விரலால் தொட்டேன். சாயம் உதிர்ந்து உள்ளே பொடிப்பொடியாய்த் துரு. பழம் என் கையில் இருந்தது.

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். உள்ளே மணல், ரப்பர்ப் பால், ஆசிட். இரும்பைத் தின்றுகொண்டிருக்கிறது, எந்த நாளும் ஒடியும், இதில் ஏறாதீர்கள், பணத்தைத் தையலாகக் கழித்துக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். யாரிடமும் இத்தனை மரியாதையாக நான் பேசியதில்லை.

உடையப்பன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

“போங்க டிரஸரம்மா. வித்த சாமான் மேல கண்ணு. எவனோ கூட வெல சொல்லிட்டான், அதான? மணலாம், பாலாம்! கேக்குறவன் கேனையன்னு நெனச்சீங்களா? பாவாடைய மட்டும் வெள்ளிக்கெழமைக்குள்ள குடுத்துருங்க.”

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். சவரிநாதனை, தவுக்கேயை, இவரை, செத்துப்போன என் வீட்டுக்காரரை நான் பார்த்த பார்வை அது. எதிரே நின்று வாங்கிக்கொண்டால் எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. சைக்கிளை ஒரு கையால் தூக்கி வாய்க்காலைத் தாண்டி வைத்து, கனத்தைப் பார்த்தீர்களா என்பதுபோல் திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏறிப் போனார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. சிம்பாங் பூலாய் தாண்டினால் மண்ரோடு. அந்த உடம்பு வேறு. தையல் ஓடவில்லை. இந்த ஆளுக்காக ஜெபமாலையை எடுக்கும்படி ஆகிவிட்டதே என்று எரிச்சலாக இருந்தது. எடுத்தேன். ஐம்பத்து மூன்று மணியும் சொன்னேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் மெஷினைத் துடைத்து மூடினேன். மூடுமுன் அதன் கழுத்தில் நகத்தால் ஒரு சுண்டு. இங்கே வந்த நாளிலிருந்து தினமும் அப்படித்தான். கேட்டியா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் மூடினேன்.